இடது செயின் இழுக்கவில்லை



கடலூரிலும் சிதம்பரத்திலும் மண் வெட்டும் இயந்திரம் எதுவாயினும் மக்கள் அதற்கு இரண்டே பெயர்கள் வைத்திருக்கிறார்கள். சக்கரத்தில் ஓடினால் ஜேசிபி. செயினில் ஊர்ந்தால் பொக்லைன். பொக்லைன் என்பது பிரான்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர். லார்சன் அண்ட் டூப்ரோ அந்நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு இங்கே வண்டிகளைத் தயாரித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட அப்பெயர், அந்த வண்டிகள் பழைய இரும்புக்குப் போன பிறகும் எல்லா நிறுவனங்களின் வண்டிகளுக்கும் வழங்கி வருகிறது. வண்டியின் கோளாறுகளுக்கும் இப்படித்தான் ஒரே பெயர்: 'ஹைட்ராலிக் பிராப்ளம்'. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெயரைச் சொல்லியே என்னை அழைக்கிறார்கள். போய்ப் பார்த்தால் பாதி இடங்களில் அது ஹைட்ராலிக் கோளாறாகவே இராது. டீசல் ஃபில்டர் அடைத்திருக்கும், என்ஜின் திணறும். ஜேசிபியின் சக்கரங்களைச் சுழற்றுவது கியர்பாக்ஸும் டார்க் கன்வெர்ட்டரும்தான். அது மேட்டில் ஏறவில்லை என்றால் பக்கெட்டுக்குப் போகும் எண்ணெய்க் குழாயைக் குறை சொல்லிப் பயனில்லை. இதை விளக்கினால் 'எல்லாம் ஆயில்தானே பாய்?' என்று கேட்பார்கள்.

பொக்லைனின் கதை வேறு. அதன் கையும் இடுப்பும் கால்களும் எண்ணெயின் அழுத்தத்தால் மட்டுமே அசைகின்றன. அந்த அழுத்தம் எத்தகையது என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் நெய்வேலியைச் சுட்டிக்காட்டுவது வழக்கம். அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியில் பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. அந்த நீர், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. இரவும் பகலும் பம்ப் வைத்து இறைத்து அதைத் தணிக்காமல் வெட்டினால், நீர் நிலக்கரிப் படுகையைப் பிளந்துகொண்டு வந்து சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். 20 டன் பொக்லைன் ஒன்று சரிவில் ஏறும்போது அதன் செயினை இழுக்கும் எண்ணெயின் அழுத்தம் ஏறத்தாழ 350 கிலோ வரை போகும். நெய்வேலி நீரைப்போல நாற்பது மடங்குக்கும் மேல். அதுவும் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு ஹோஸுக்குள்!

அந்த எண்ணெய் போகும் வழியைச் சொல்லிவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும். என்ஜினோடு இணைந்த இரண்டு பம்புகள் தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, நிமிடத்துக்குச் சுமார் 200 லிட்டர் வீதம் தள்ளுகின்றன. அது கண்ட்ரோல் வால்வுக்குப் போகிறது. ஆபரேட்டர் லீவரை அசைக்கையில் வால்வுக்குள் இருக்கும் ஸ்பூல் நகர்ந்து, எந்த உறுப்புக்கு எண்ணெய் போகவேண்டும் என்று வழி திறக்கிறது. கை, பக்கெட் ஆகியவற்றுக்கு அங்கிருந்து நேரே ஹோஸ் உண்டு. செயினுக்குப் போகும் எண்ணெய்க்கு மட்டும் ஒரு சங்கடம். வண்டியின் மேற்பாதி வட்டமாகச் சுழல்வது. கீழ்ப்பாதி தரையில் நிற்பது. சுழலும் பாதியிலிருந்து நிற்கும் பாதிக்கு ஹோஸ் போட்டால் முறுக்கி அறுந்துவிடும். ஆகவே நடுவில் ஸ்விவல் ஜாயிண்ட் என்றொரு உருளை இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் இரண்டு இரும்புத் துண்டுகள். இடையில் வளைய வளையமாக எண்ணெய்ப் பாதைகள். ஒரு பாதைக்கும் அடுத்த பாதைக்கும் நடுவே ஒரு சீல். அதைக் கடந்து எண்ணெய் டிராவல் மோட்டாரை அடைந்து செயினைச் சுழற்றுகிறது. மழைக்காலத்தில் சேறு படிந்து மறைந்துவிடும் இடத்தில் இருப்பதால் இந்த ஸ்விவலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

கொள்ளிடத்தின் வடகரையில், சிதம்பரத்திலிருந்து போகும் தூரத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகக் கரையைப் பலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் பெய்த மழையில் இந்த மாவட்டம் பட்டதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. ஐப்பசி பிறந்தபின் கரையில் போடும் மண் நிற்காது என்று கரையோர ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அத்தகைய நாளில் அங்கிருந்த பொக்லைன் சமதளத்தில் நேராகவும், கரைமேட்டில் ஏறுகையில் இடப்பக்கமாகத் திரும்பியும் போகத் தொடங்கியது. இடது செயின் இழுக்கவில்லை.

உரிமையாளர் நம்மவர், முன்வரிசையில் நின்று தொழுகிறவர், ஹஜ் செய்தவர். ஆபரேட்டர் காட்டுமன்னார்கோவில் பக்கத்து இளைஞர், பிற மதத்தவர். நான் போய்ச் சேர்வதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. 'இவன் லோபெட் லாரிக்கு வாடகை கொடுக்காமல் அந்தப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியைத் தார்ச்சாலையில் மைல் கணக்கில் செயினிலேயே ஓட்டி வந்திருக்கிறான். அதனால் பம்ப் தேய்ந்துவிட்டது.' இதுதான் குற்றச்சாட்டு. புதிய பம்புக்கு ஐந்தரை லட்சத்துக்கு விலைப்பட்டி வாங்கியாயிற்று. இளைஞரின் இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. அவர் என்னிடம் ஒரே வாக்கியம் சொன்னார்: 'நான் ரோட்டில ஓட்டல பாய்.' ஓட்டினாரா இல்லையா என்பதை அறிய என்னிடம் வழியில்லை. பம்ப் தேய்ந்திருக்கிறதா என்பதை அறிய வழி இருந்தது.

முதலில் கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்கவேண்டும். கை, பக்கெட், சுழற்சி ஆகியவற்றில் சுணக்கம் இல்லை. இரண்டு பம்புகளில் ஒன்று உண்மையாகவே தேய்ந்திருந்தால், அந்தப் பம்பை நம்பியிருக்கும் மற்ற அசைவுகளிலும் அது தெரிந்திருக்கும். எல்லாம் மெதுவாக இருந்தால் கோளாறு பொதுவான இடத்தில்; ஒன்று மட்டும் மெதுவாக இருந்தால் அந்த ஒன்றுக்குப் போகும் வழியில். இந்த ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் விலைப்பட்டி வாங்கியிருக்கத் தேவையில்லை.

அடுத்தது மாற்றிப் பார்ப்பது. வால்விலிருந்து ஸ்விவலுக்கு இறங்கும் இடது, வலது ஹோஸ்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டினேன். இப்போது இடது லீவரைத் தள்ளினால் வலது செயின் நகரும். ஆகையால் ஆட்களையெல்லாம் தூர விலக்கிவிட்டே இதைச் செய்யவேண்டும். கோளாறு பம்பிலோ வால்விலோ இருந்தால் அது வலது செயினுக்கு இடம் மாறியிருக்கவேண்டும். மாறவில்லை. இடது செயினே மேட்டில் நின்றது. பம்பின் மீதான வழக்கு அந்த அரைமணி நேரத்தில் தள்ளுபடியாயிற்று.

மீதமிருந்தவை ஸ்விவலும் மோட்டாரும். மோட்டாருக்குள் பிஸ்டனும் அதன் துளையும் தேய்ந்தால் எண்ணெய் வேலை செய்யாமல் உள்ளுக்குள்ளேயே கசிந்து, டிரெயின் ஹோஸ் வழியாகத் தொட்டிக்குத் திரும்பிவிடும். ஸ்ப்ராக்கெட்டில் இரும்புத் தண்டைக் கொடுத்துச் செயினை அசையாமல் நிறுத்தி, டிரெயின் ஹோஸைக் கழற்றி ஒரு வாளியில் விட்டு, கடிகாரம் பார்த்துக்கொண்டு லீவரைத் தள்ளவேண்டும். நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்கூட வரவில்லை. வலப்பக்க மோட்டாரிலும் ஏறத்தாழ அதே அளவுதான். மோட்டார் நலம். பிறகு இடப்பக்கத்துக்குப் போகும் ஹோஸ்களை ஸ்விவலுக்கு மேலே கழற்றி, வாயை பிளக் போட்டு அடைத்து, கேஜ் பூட்டி அழுத்தம் பார்த்தேன்: 345. அதே அடைப்பை ஸ்விவலுக்குக் கீழே போட்டுப் பார்த்தேன்: 210க்கு மேல் முள் ஏறவில்லை. இரண்டு அளவுகளுக்கும் நடுவே இருப்பது ஸ்விவல் ஒன்றே. உள்ளே ஒரு பாதையின் எண்ணெய் அடுத்த பாதைக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. சமதளத்தில் நகர 210 போதும். மேட்டில் ஏறப் போதாது.

கழற்றியபோது சீல் விறைத்து, நகம் பட்டால் உதிரும் நிலையில் இருந்தது. சூட்டிலும் வயதிலும் ரப்பர் அப்படி ஆகும். சாலையில் ஓட்டியதற்கும் அதற்கும் தொடர்பில்லை. சீல் கிட் சில ஆயிரம் ரூபாய். ஒன்றரை நாள் வேலை. மூன்றாம் நாள் லுஹருக்கு முன் வண்டி கரைமேல் நின்றது. ஹாஜியாரிடம் கேஜ் காட்டிய எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தால் நான் அந்த இளைஞருக்கு வேண்டியவன் என்று தோன்றியிருக்கலாம். அவர் தாளை இரண்டு முறை படித்தார். சம்பளம் பிடிக்கப்படவில்லை. மன்னிப்பும் கேட்கப்படவில்லை, அதை எழுதாமல் விட்டால் கதை முழுமையாகாது.

செய்தி வந்தால் தீர விசாரிக்கவேண்டும் என்பதும், ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்ந்துகொள்ளவேண்டும் என்பதும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தை ஓதிய எல்லோருக்கும் தெரிந்தவை. நம் பயான்களில் இவற்றுக்கு உதாரணமாகக் குடும்பச் சண்டையும் ஊர் வதந்தியும் வரும். கூலிக்காரர் மீது முதலாளி கொள்ளும் ஊகத்தை யாரும் உதாரணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பழுதுபட்ட இயந்திரத்தின் அருகில் நிற்பவர்களில் மிக எளியவர் மேல்தான் அந்த ஊகம் முதலில் விழுகிறது. கொள்ளிடக் கரையில் மட்டுமல்ல, விழுப்புரம்–நாகப்பட்டினம் நால்வழிச்சாலைப் பணியிலும் இதையே பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் அல்ஜஸரியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நம் மேடைகளில் அவர் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. தியார்பக்ரில் அர்துக் மன்னர்களின் அரண்மனையில் பணியாற்றியவர். தம் இயந்திர நூலை 1206இல் முடித்தவர். எதிரெதிராக வைத்த இரண்டு உருளைகள், அவற்றுள் ஓடும் பிஸ்டன்கள், ஒருவழி வால்வுகள் ஆகியவற்றைக் கொண்டு நீரை உறிஞ்சி மேலேற்றும் பம்ப் ஒன்று அந்நூலில் உண்டு. இன்றைய ஹைட்ராலிக்ஸை அவரே கண்டுபிடித்தார் என்று பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அவருடைய பம்ப் நீரை ஏற்றுவதற்கானது. அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று விளக்கியவர் 17ஆம் நூற்றாண்டின் பாஸ்கல். அதைக் கொண்டு 1795இல் அழுத்தப் பொறி செய்து காப்புரிமை பெற்றவர் ஆங்கிலேயரான பிராமா. ஜஸரியிடம் நான் மதிப்பது வேறொன்று. கையால் செய்து சோதித்துப் பாராத நுட்பத்தை அவர் உறுதியானதாக ஏற்பதில்லை. தம் நூலின் முன்னுரையிலேயே அதைச் சொல்லிவிடுகிறார். எந்தப் பகுதியை எப்படி வார்த்தார், எந்த அளவில் செய்தார் என்று அவர் எழுதிவைத்திருக்கும் பொறுமை, ஒரு பட்டறைக்காரனின் பொறுமை.

அந்தப் பொறுமையோடு பார்த்தால் எண்ணெயே பல செய்திகளைச் சொல்லும். பழைய ஃபில்டரை எறிந்துவிடாமல் அறுத்துப் பிரித்துப் பார்க்கவேண்டும். மடிப்புகளில் பொன்னிறத் துகள் மின்னினால் பம்பிலோ மோட்டாரிலோ பித்தளைப் பாகங்கள் தேய்கின்றன. கறுப்பு நூல்கள் என்றால் சீல் கிழிகிறது. காந்தத்தில் ஒட்டும் சாம்பல் நிறச் சகதி, இரும்பு இரும்போடு உரசுவதைக் காட்டும். மனித முடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். பம்பின் பிஸ்டனுக்கும் துளைக்கும் இடையிலுள்ள இடைவெளி அதில் சிறு பங்குதான். ஆகவே கண்ணுக்குத் தெரியாத தூசியே அதற்குப் பகை. திறந்த வாளியில் எண்ணெயைக் கொண்டுவந்து, மணல் காற்றில் நின்று ஊற்றுகிறவர்களைப் பரங்கிப்பேட்டைக் கடற்கரை வேலைகளில் பார்த்திருக்கிறேன். அங்கே உப்பும் சேர்ந்துகொள்ளும். சிலிண்டர் தண்டின் குரோமியப் பூச்சில் உப்பு குழி போட்டால், அந்தக் குழி ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சீலை அரம்போல அறுக்கும். வேலை முடிந்ததும் தண்டை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவப் பத்து நிமிடம் போதும்.

சூடு இன்னொரு சாட்சி. எண்ணெய் சூடாக ஆக இளகும். இளகினால் தேய்ந்த இடைவெளிகளின் வழியே எளிதாகக் கசியும். எனவே காலை ஏழு மணிக்கு வீரமாக நிற்கும் வண்டி, பதினொரு மணிக்கு வியர்த்துத் தளர்ந்தால் அதன் உள்ளே தேய்மானம் இருக்கிறது என்று பொருள். பழைய வண்டி விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் வாங்க வருபவரை ஃபஜ்ருக்குப் பிறகே வரச்சொல்கிறார்கள். சிலர் முந்தின நாளே தடித்த எண்ணெயை ஊற்றியும் வைப்பார்கள்.

கடலூரில் அப்படியொரு விற்பனைக்கு என்னை அழைத்தார் ஒரு தரகர். வாங்க வந்தவர் வளைகுடாவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்து, சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பியவர். இனிப் பிள்ளைகளோடு இருந்துவிடலாம் என்ற ஆசையில் இருந்தார். தரகர் என்னைத் தனியே அழைத்து, 'பாய், நீங்க பொய் எதுவும் சொல்லவேண்டாம். கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க, போதும்' என்றார். எவ்வளவு நாகரிகமான கோரிக்கை! நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலொன்றினுள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி நாம் பலமுறை கேட்டதே. அந்த வியாபாரியும் வாயால் பொய் சொல்லவில்லை. மழையில் நனைந்ததை மேலே தெரியும்படி வைக்கவில்லை, அவ்வளவுதான். காலைக் குளிரில் காட்டப்படும் பொக்லைன் மேலே உலர்ந்த குவியல்.

நான் வாங்குபவரிடம் குறை எதையும் சொல்லவில்லை. 'இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு விலை பேசுங்கள்' என்று மட்டும் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். எண்ணெய் 70 பாகையைத் தொட்டபோது வண்டி தன் வாக்குமூலத்தைத் தானே கொடுத்தது. இரண்டு செயின்களும் சுணங்கின. மோட்டார் டிரெயினில் எண்ணெய் வாளியை நிறைத்தது. அவர் வாங்காமல் போகவில்லை. பழுதுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு விலையில் கழித்துக்கொண்டு, அறிந்தே வாங்கினார். தரகர் அதற்குப் பிறகு என்னை அழைப்பதில்லை. அந்த ஆண்டு எனக்கு வருமானம் குறைந்தது உண்மை, அதை மறைக்கவில்லை.

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் வேறு எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றை விடாமல் சொல்வேன். ஹோஸில் கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். 350 கிலோ அழுத்தத்தில் ஊசித்துளை வழியே வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது; தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் இருக்கும், முதலில் வலியும் அதிகம் இராது. சில மணி நேரத்தில் விரல் கறுக்கும். அறுவை தாமதித்தால் விரலோ கையோ போகும். அட்டைத் துண்டைக் காட்டித்தான் கசிவைத் தேடவேண்டும். ஹோஸைக் கழற்றுமுன் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, என்ஜினை நிறுத்தி, லீவர்களை எல்லாத் திசையிலும் அசைத்து, தொட்டியின் காற்றையும் திறந்துவிடவேண்டும். அப்படியும் எண்ணெய் பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டாமல், உள்ளே போனது ஹைட்ராலிக் எண்ணெய் என்று சொல்லியபடி உடனே பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

வளைகுடாவிலிருந்து வந்த அந்தச் சகோதரரின் வண்டி இப்போது வெள்ளாற்றங்கரையில் ஓடுகிறது. மோட்டார்களைப் பிரித்துச் சீர்செய்து கொடுத்தேன். மழைக்காலம் நெருங்குவதால், காலையில் என்ஜினைத் தொடங்குமுன் தொட்டியின் அடித் திருகைச் சற்றே தளர்த்திப் பார்க்கும்படி சொல்லியிருந்தேன். இரவெல்லாம் நின்ற வண்டியில் நீர் இருந்தால் அது எண்ணெய்க்குக் கீழே தங்கியிருக்கும். ஓட்டிவிட்டால் கலங்கி மோர்போல ஆகிவிடும். நேற்று அஸருக்குப் பிறகு அழைத்தார். கால் லிட்டர் தண்ணீர் வந்ததாம். தொட்டி மூடியின் பிரீதரில் விரிசல் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். நினைப்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜும்ஆ முடிந்ததும் போய்ப் பார்க்கிறேன், இன்ஷா அல்லாஹ்.